கூச்சல் இல்லை, கேள்வி! அவை விதிகளையே ஆயுதமாக்கிய திருமயம் சத்தியமூர்த்தி

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், வழியில் ஒரு குன்றும் அதன் மேல் ஒரு கோட்டையும் கண்ணில் படும். அதுதான் திருமயம். வலையபட்டி, பொன்னமராவதி பக்கத்துக்காரர்களுக்கும் ரொம்பப் பழக்கமான ஊர்தான். சேதுபதி காலத்துக் கோட்டை, குடைவரைக் கோயில்கள் எல்லாம் போட்டோ எடுக்க செம லொக்கேஷன். அங்கே கோயில் கொண்டிருக்கும் பெருமாளின் பெயர் சத்தியமூர்த்தி. அதே பெயருடன் 1887 ஆகஸ்ட் 19-ம் தேதி அந்த ஊரில் பிறந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சென்னையில் இருப்பவர்களுக்கு அவர் பெயர் வேறு விதமாகத் தெரியும். ராயப்பேட்டையில் காங்கிரஸ் அலுவலகத்துக்குப் பெயர் சத்தியமூர்த்தி பவன். குழாயில் வரும் தண்ணீரின் ஒரு பகுதி வரும் பூண்டி ஏரிக்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். காமராஜரின் அரசியல் குரு என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி படித்திருப்போம். ஆனால், வாழ்ந்த காலத்தில் அவர் எதற்காகப் பேர் வாங்கினாரோ, அது இதில் எதுவுமே இல்லை. அவையில் எழுந்து நின்று கேள்வி கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அதுதான் அவர் அடையாளம்.

இதை இப்போது ஏன் பேச வேண்டும்?

2025 ஜனவரி 24-ம் தேதி டெல்லியில் நடந்ததை நினைவுபடுத்திப் பாருங்கள். வக்ஃப் திருத்த மசோதாவை ஆராய்ந்த கூட்டு நாடாளுமன்றக் குழுவின் கூட்டம் அது. நிகழ்ச்சி நிரலை மாற்றியது ஏன், திருத்தங்களைப் படிக்க அவகாசம் தராதது ஏன் என்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கேட்க, கூச்சல் கிளம்பியது. 10 எம்.பி-க்கள் அன்று ஒரு நாள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். அதில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பேர்: ஆ.ராசா, புதுக்கோட்டை எம்.எம்.அப்துல்லா. அதற்கு 3 மாதம் முன்பு, 2024 அக்டோபரில், இதே குழுவின் கூட்டத்தில் கண்ணாடி பாட்டில் உடைந்து, உடைத்த உறுப்பினரின் கையிலேயே காயம். அவரும் ஒரு நாள் சஸ்பெண்ட்.

குழு அறைக்குள் கேமரா கிடையாது. வெளியே வந்து இரண்டு தரப்பும் சொல்வதுதான் நமக்கு நியூஸ். தலைவர் ஒழுங்கைக் காப்பாற்றினாரா, இல்லை ஒழுங்கு என்ற பெயரில் கேள்வியை அடைத்தாரா? விதியைச் சொல்லிப் பேசியவர்கள் விதியை மீறினார்களா? இந்தச் சண்டை ரொம்பப் பழசு. சுமார் 100 வருடத்துக்கு முன்னால் இதற்கு ஒரு பதிலை வாழ்ந்து காட்டியவர் சத்தியமூர்த்தி. அந்தப் பதில் முழுக்க சரியானதும் இல்லை. அதையும் பார்ப்போம்.

சமஸ்தானத்துப் பையன்

அப்போது திருமயம், வலையபட்டியெல்லாம் புதுக்கோட்டை சமஸ்தானம். அதாவது, வெள்ளைக்காரரின் சென்னை மாகாணத்துக்கு நடுவில் தொண்டைமான் ராஜாவின் தனி ஆட்சி. அப்பா சுந்தர சாஸ்திரி வக்கீல். சத்தியமூர்த்தி சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். அம்மா, தம்பி தங்கைகள் என்று குடும்பப் பொறுப்பு தலையில் விழுந்தது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, சட்டக் கல்லூரி என்று படித்து, அன்றைக்குப் பெரிய வக்கீலாக இருந்த எஸ்.சீனிவாச ஐயங்காரிடம் ஜூனியராகச் சேர்ந்தார்.

இன்னொரு பக்கம் மேடைப் பைத்தியம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் வேஷம் கட்டி நடித்தார். மனோகரா நாடகத்தில் அவர் நடிப்பு பேசப்பட்டது. தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம் மூன்றிலும் தங்குதடையில்லாமல் பேசுவார். குரலை எங்கே உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது நாடக மேடை பழக்கிவிட்ட வித்தை. சட்டப் படிப்பும் நடிப்பும் ஒரே ஆளுக்குள் சேர்ந்தால் என்ன ஆகும்? அரசாங்கத் தரப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைவலி ஆகும். ஆனது.

லண்டனில் ஒரு குழு அறை

1919. மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று ஹிஸ்டரி புத்தகத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்த மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்த வருடம். இந்தியாவுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம் என்று ஆராய, பிரபுக்கள் சபை, பொதுமக்கள் சபை இரண்டிலிருந்தும் உறுப்பினர்களை எடுத்து செல்போர்ன் பிரபு தலைமையில் ஒரு கூட்டுக் குழு போட்டார்கள். இன்றைய நம் கூட்டு நாடாளுமன்றக் குழுவுக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தக் குழு முன்னால் தங்கள் தரப்பைச் சொல்ல இந்தியாவிலிருந்து கட்சி கட்சியாகக் கப்பல் ஏறினார்கள். திலகர் போனார். அன்னி பெசன்ட் போனார். பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று சொல்ல சரோஜினி நாயுடு போனார். நீதிக்கட்சி சார்பில் டி.எம்.நாயர், கே.வி.ரெட்டி நாயுடு, ஆற்காடு ராமசாமி முதலியார் போனார்கள். சாட்சி சொல்வதற்கு முன்பே ஜூலை மாதம் நாயர் லண்டனிலேயே இறந்துபோனது தனி சோகம். காங்கிரஸ் தூதுக்குழுவில் போனவர்களில் ஒருவர் சத்தியமூர்த்தி. அந்த ஆகஸ்டில்தான் அவருக்கு 32 வயது நிறைந்தது.

அந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள். ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக்கில் துப்பாக்கிச் சூடு. விசாரணையே இல்லாமல் ஆளைப் பிடித்துப் போடும் ரௌலட் சட்டம் அமலில். அதே வருடம் அதே ஆட்சியாளர்களின் குழு முன்னால் மரியாதையாகப் போய் நிற்க வேண்டும்.

ஒரு நாடாளுமன்றக் குழுவின் விசாரணை எப்படி நடக்கும்? நீங்கள் சொல்ல வேண்டியதை முதலில் எழுத்தில் கொடுக்க வேண்டும். கூப்பிடும் நாளில் போக வேண்டும். உறுப்பினர்கள் கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எந்தக் கேள்வி வரும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். எப்போது போதும் என்பதைத் தலைவர் முடிவு செய்வார். நீங்கள் திருப்பி ஒரு கேள்வி கேட்க முடியாது. ஏனென்றால் நீங்கள் சாட்சி, உறுப்பினர் இல்லை. ஒரு தேசமே தன் எதிர்காலத்தைப் பற்றி சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் உட்காரக் கிடைத்த முதல் வாய்ப்பிலிருந்து சத்தியமூர்த்தி கேட்க ஆரம்பித்தார். சிறையில் இருந்த காலத்தைத் தவிர, கடைசி வரை நிறுத்தவில்லை.

பல் இல்லாத சபை

1919 சட்டப்படி உருவான சென்னை சட்டசபைக்கு 1920-ல் முதல் தேர்தல். காங்கிரஸ் புறக்கணித்தது. நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. காந்தி சபைகளுக்குள் போக வேண்டாம் என்றார். சி.ஆர்.தாஸும் மோதிலால் நேருவும் உள்ளே போய் எதிர்ப்போம் என்றார்கள். அதுதான் சுயராஜ்யக் கட்சி. சத்தியமூர்த்தி நின்றது இந்த இரண்டாவது பக்கம். வெளியே நின்று கத்துவதைவிட, அவர்கள் போட்ட விதியை வைத்தே அவர்களை மடக்கலாம் என்பது அவர் கணக்கு. 1923 தேர்தலில் ஜெயித்து உள்ளே போனார். பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப் போடும் பல்கலைக்கழகத் தொகுதியின் குரலாக அங்கே இருந்தார்.

அந்தச் சபை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து இருக்கணும், வரி கட்டணும். ஜமீன்தார்களுக்குத் தனித் தொகுதி, வெள்ளைக்கார வணிகர்களுக்குத் தனித் தொகுதி. நம்ம செட்டிநாட்டுக்கு ஒரு சுவாரஸ்யமான தகவல்: நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கு என்றே சபையில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பர்மா, மலேயா என்று கொண்டுவிற்கப் போய்ச் சம்பாதித்த சமூகத்துக்கு மாகாண அரசு கொடுத்த இடம் அது. ஆனால், செட்டிநாட்டு ஊர்களில் வாழ்ந்த மற்ற பெரும்பாலானவர்களுக்கு ஓட்டே கிடையாது.

அதிகாரமும் பாதிதான். கல்வி, சுகாதாரம் மாதிரி துறைகள் மந்திரிகளிடம். போலீஸ், நில வரி மாதிரி முக்கியமான துறைகள் கவர்னரின் ஆட்களிடம். சபை ஒரு செலவை வெட்டினாலும், அவசியம் என்று எழுதிக் கவர்னர் அதைத் திரும்பச் சேர்க்கலாம். சுருக்கமாக, ஓட்டெடுப்பில் ஜெயித்தாலும் தோற்றதுபோலத்தான்.

அப்படியென்றால் உறுப்பினரிடம் மிச்சம் என்ன இருந்தது? மூன்று விஷயங்கள். ஒன்று, கேள்வி நேரம். கேட்டால் அரசு பதில் சொல்லியே ஆகணும். இரண்டு, ஒத்திவைப்புத் தீர்மானம். அவசரப் பிரச்னை வந்தால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதைப் பேச வேண்டும் என்று கேட்பது. மூன்று, ஒழுங்குப் பிரச்னை. விதி மீறப்படுகிறது என்று யார் எழுந்து சொன்னாலும், பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்த வேண்டும், தலைவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அரசை இதில் எதனாலும் கவிழ்க்க முடியாது. ஆனால் அரசின் வாயைத் திறக்க வைக்கலாம். திறந்த வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வார்த்தையும் அச்சாகும், மறுநாள் பேப்பரில் வரும்.

கவர்னருக்கு வீட்டோ. மந்திரிக்கு நாற்காலி. சத்தியமூர்த்திக்கு விதிப்புத்தகம்.

அவர் தோற்ற விவாதம்

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஏனென்றால், அவருடைய திறமை எல்லா நேரமும் நல்ல பக்கத்தில் நிற்கவில்லை.

1926-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அவரும் புதுக்கோட்டைக்காரர்தான். சத்தியமூர்த்தியைவிட ஒரு வயது மூத்தவர். சத்தியமூர்த்தி படித்த அதே மகாராஜா கல்லூரியில், பெண்ணுக்கு இடமா என்ற எதிர்ப்பைத் தாண்டிப் படித்தவர். சபை அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தலைவர் இல்லாத நேரத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தால், எப்பேர்ப்பட்ட பேச்சாளரும் அவர் சொன்னால் உட்கார வேண்டும் என்பதுதான் விதி.

அவர் எடுத்த பெரிய வேலை தேவதாசி முறை ஒழிப்பு. சின்னப் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும் என்றார். சத்தியமூர்த்தி எதிர்த்தார். சமயம், மரபு, கலை என்று அவர் தரப்பில் காரணங்கள் அடுக்கினார். இசையும் நாட்டியமும் அழிந்துவிடும் என்ற கவலை அவருக்கு நிஜமாகவே இருந்திருக்கலாம். ஆனால், அந்தக் கவலையின் விலையைக் கொடுத்தது யார்? பத்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள். தன் தேசத்துக்காக லண்டனில் சாட்சி நாற்காலியின் அவமானத்தைப் பார்த்த மனிதர், அந்தக் குழந்தைகளின் இடத்திலிருந்து இதைப் பார்க்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சத்தியமூர்த்தி எந்த விதிகளில் கில்லாடியோ, அதே விதிகள்தான் முத்துலட்சுமிக்கும் பேச இடம் கொடுத்தன. நியமன உறுப்பினர், சபையின் ஒரே பெண். ஆனால் தீர்மானம் கொண்டுவரும் உரிமை இருந்தது. எதிர்ப்புக்குப் பதில் சொல்லும் உரிமை இருந்தது. ஓட்டுக்கு விடு என்று கேட்கும் உரிமை இருந்தது. பிரபலமான பேச்சாளர் எதிர்த்தார் என்பதற்காக எதுவும் தடுக்கப்படவில்லை. 1929-ல் கோயில் மானிய நிலங்களைத் தேவதாசி ஊழியத்திலிருந்து விடுவிக்கும் சட்டத் திருத்தம் நிறைவேறியது. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் முழுச் சட்டம் வர 1947 ஆனது.

விதிப்புத்தகம் யாருக்கும் சொந்தமில்லை. எழுந்து நிற்பவருக்கு அது வேலை செய்யும். சத்தியமூர்த்தி ஜெயித்த நாட்களைவிட, அவர் தோற்ற இந்த விவாதம்தான் அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

டெல்லி: கேள்வி நேரத்தின் நாயகன்

1930-ல் உப்புச் சத்தியாகிரகம், சட்ட மறுப்பு. சத்தியமூர்த்தி சிறைக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். 1934-ல் காங்கிரஸ் மத்திய சட்டசபைத் தேர்தலில் நிற்க முடிவு செய்தது. சென்னையில் சத்தியமூர்த்தியை எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? 1919-ல் லண்டனில் எதிர்த் தரப்பில் நின்ற அதே ஆற்காடு ராமசாமி முதலியார். சாதாரண ஆள் இல்லை, அன்றைய பெரிய அறிவாளி. நல்ல வித்தியாசத்தில் சத்தியமூர்த்தி ஜெயித்தார்.

டெல்லியில் வட்டமான அந்தக் கட்டடம், அதாவது 2023 வரை நம் நாடாளுமன்றம் இயங்கிய பழைய கட்டடம், 1927-ல் திறக்கப்பட்டது. அங்கே காங்கிரஸ் கட்சித் தலைவர் புலாபாய் தேசாய், துணைத் தலைவர் சத்தியமூர்த்தி. 1935 ஜனவரியில் சர் அப்துர் ரஹீம் சபைத் தலைவரானார். காங்கிரஸும் ஜின்னாவின் ஆதரவாளர்களும் சேர்ந்து ஓட்டுப் போட்டால் அரசு தோற்றுவிடும். தோற்றது. ஆனாலும் என்ன? நிதி மசோதாவையே சபை நிராகரித்தாலும், வைஸ்ராய் ஒரு சான்று எழுதி அதைச் சட்டமாக்கிவிடுவார். சென்னையில் பார்த்த அதே கதை, பெரிய அளவில்.

எனவே, மறுபடியும் கேள்வி. காலையில் சபை கூடியதும் முதல் வேலை கேள்வி நேரம். சத்தியமூர்த்தி தயாராக வருவார். அரசு அறிக்கைகள், பட்ஜெட் ஆவணங்கள், பழைய பதில்கள் எல்லாம் படித்துவிட்டு வருவார். அதிகாரி எழுதிக் கொடுத்த பதிலை மந்திரி நிலையில் இருப்பவர் படித்து முடித்ததும், துணைக் கேள்வி. அதற்குப் பதில் வந்தால் இன்னொரு துணைக் கேள்வி. எழுதிக் கொடுத்த தாள் முதல் கேள்விக்குத்தான் உதவும். இரண்டாவதில் சொந்த அறிவு வேண்டும். மூன்றாவதில் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள்.

இங்கேதான் சபை விதிகளோடு தினசரி கயிறு இழுக்கும் போட்டி. ஒரு கேள்வியில் என்னவெல்லாம் இருக்கக் கூடாது? வாதம் இருக்கக் கூடாது. ஊகம் கூடாது. கிண்டல் கூடாது. யார்மீதும் அவதூறு கூடாது. துணைக் கேள்வி என்றால், சொல்லப்பட்ட பதிலிலிருந்து அது பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தலைவர் தள்ளுபடி செய்வார். இன்றைய மக்களவை விதிகளிலும் கிட்டத்தட்ட இதே நிபந்தனைகள்தான். பல உறுப்பினர்கள் தள்ளுபடி ஆனதும் கோபத்தில் கத்துவார்கள், வெளிநடப்பு செய்வார்கள். சத்தியமூர்த்தியின் பாணி வேறு. வாதத்தைக் கேள்வியின் உடையில் கொண்டுவருவார். உடையில் குறை சொன்னால், அதை மாற்றிக்கொண்டு அதே ஆள் மறுபடி வருவார்.

யோசித்தால், இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கத்தினால் என்ன ஆகும்? தலைவர் அவையை ஒத்திவைப்பார். ஒத்திவைத்தால் யாருக்கு லாபம்? பதில் சொல்ல வேண்டியவருக்கு. அவை அமைதியாக நடந்தால் யாருக்குச் சிரமம்? பதில் சொல்ல வேண்டியவருக்குத்தான். அதனால் அவையில் ஒழுங்கு இருப்பது எதிர்க்கட்சியின் தேவை. இதைப் புரிந்துகொண்ட எதிர்க்கட்சிக்காரராக அவர் இருந்தார். ஆனால் இன்னொரு பாதியும் உண்டு. இந்தக் கணக்கு வேலை செய்ய, தலைவர் நாற்காலியில் இருப்பவர் கேள்வியை அனுமதிக்க வேண்டும். கேள்வியையே அடைத்துவிட்டு ஒழுங்கைக் கேட்டால், கடைசியில் மிஞ்சுவது கூச்சல்தான்.

சினிமா, சீடர், கிடைக்காத மந்திரி பதவி

எப்போது பார்த்தாலும் விதி, கேள்வி என்று சீரியஸ் ஆள் போலத் தெரிகிறாரா? இல்லை. நாடகமும் சினிமாவும் மக்களிடம் நேரே பேசும் என்பதை அவர் காலத்து அரசியல்வாதிகளில் முதலில் புரிந்துகொண்டவர் அவர். சினிமாவைப் பல தலைவர்கள் ஒதுக்கிவைத்த காலத்தில், தென்னிந்திய ஃபிலிம் சேம்பரின் தலைவராகவே இருந்தார். கே.பி.சுந்தராம்பாளைக் காங்கிரஸ் மேடையில் பாட வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு. பிரசாரத்துக்கு ஸ்டார்களைக் கூட்டிவருவது இன்று சாதாரணம். ஆரம்பித்தவர்களில் ஒருவர் இவர்.

1936-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது, விருதுநகரிலிருந்து வந்த அதிகம் பேசாத இளைஞர் ஒருவரைச் செயலாளராகப் போட்டார். அவர்தான் காமராஜ். குரு மேடையில் வெளுத்து வாங்குவார். சீடர் ஊர் ஊராகப் போய் ஆட்களைச் சேர்ப்பார். 1940-ல் இது அப்படியே தலைகீழானது. காமராஜ் தலைவர், சத்தியமூர்த்தி செயலாளர். நேற்றுவரை தனக்குக் கீழே வேலை பார்த்தவரின் கீழ் வேலை பார்க்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? அவர் சம்மதித்தார்.

நடுவில் ஒரு வலியும் உண்டு. 1937-ல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி. சத்தியமூர்த்தி மாகாண அரசியலுக்குத் திரும்பி மந்திரி ஆவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். ராஜாஜி பிரதமரானார், அப்போது மாகாண முதல்வரை அப்படித்தான் சொல்வார்கள். மந்திரிசபைப் பட்டியலில் சத்தியமூர்த்தியின் பெயர் இல்லை. அவர் டெல்லியிலேயே இருந்து கேள்வி கேட்பதைத் தொடர்ந்தார். வாழ்நாள் முழுக்க மந்திரிகளைக் கேள்வி கேட்டவருக்குக் கடைசிவரை மந்திரி நாற்காலி கிடைக்கவே இல்லை.

நாற்காலியில் அவர்

கிடைத்த நாற்காலி வேறு. 1939-ல் சென்னை மேயர் ஆனார். இப்போது அவர் கேள்வி கேட்பவர் இல்லை. மாநகராட்சி மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர். யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், எது ஒழுங்கு, எது ஒழுங்கில்லை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்.

அந்த வருடம் உலகப் போர் ஆரம்பித்துவிட்டது. மாகாணக் காங்கிரஸ் அரசு ராஜினாமா செய்துவிட்டது. ஆட்சி கவர்னரின் நேரடிக் கையில். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டினால் நகரத்துக்குத் தண்ணீர் கிடைக்கும். ஆனால், போர்க்காலத்தில் சிமென்ட்டுக்கும் பணத்துக்கும் யார் அனுமதி கொடுப்பார்கள்? எந்த அரசைச் சட்டசபையில் துளைத்தெடுத்தாரோ அதே அரசிடம் போய், பேசி, வாதாடி அனுமதி வாங்கினார். 1940 ஆகஸ்ட் 8-ம் தேதி கவர்னர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். வெள்ளைக்கார கவர்னரோடு ஒரே மேடையா என்று கேட்கத் தோன்றும். நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பதுதான் அதற்கான பதில்.

அணை 1944-ல் முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

கேள்வி கேட்க முடியாத இடம்

1942 ஆகஸ்ட். பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம். கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் கைதுகள் தொடங்கிவிட்டன. காமராஜ் அரக்கோணத்தில் ரயிலைவிட்டு இறங்கித் தப்பித்து, சில நாட்கள் தலைமறைவாக வேலை பார்த்தார். சத்தியமூர்த்தி பிடிபட்டார். விசாரணை இல்லை. மத்திய மாகாணத்தில் இருந்த அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஏற்கெனவே உடல்நிலை சரியில்லாதவர். முதுகுத்தண்டில் பாதிப்பு. உடம்பு மோசமாகி, கடைசியில் சென்னை பொது மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். 1943 மார்ச் 28-ம் தேதி அங்கே இறந்தார். வயது 55.

சபையில் அவர் கேட்டால், வைஸ்ராயின் நிர்வாக சபை உறுப்பினரே எழுந்து பதில் சொல்லணும். சிறையில் அவரை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்ற ஒரே ஒரு கேள்விக்கு எந்த விதியின் கீழும் பதில் வாங்க முடியவில்லை. விதிகள் இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அவர் விதிகளை ஏன் அவ்வளவு பிடித்துக்கொண்டார் என்பதும் இதில் விளங்குகிறது.

1947 ஆகஸ்ட் 15 அன்று காமராஜ் தன் குருவின் வீட்டுக்குப் போய்க் கொடியேற்றினார். சுதந்திர நாடாளுமன்றத்தில் அந்தக் குரல் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அன்று அங்கே நின்ற எல்லாருக்கும் தோன்றியிருக்கும்.

அந்த நாற்காலிகள் இப்போது

இன்று மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள் பட்டியலாகும். அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் அந்த 20-க்கும் வாய்மொழிப் பதில் போச்சு, துணைக் கேள்வியும் போச்சு. எழுதிய பதில் மட்டும் தாக்கல் ஆகும். மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பே மந்திரிக்கு இல்லை.

குழுக்களில் நிலைமை இன்னும் நுணுக்கம். துறைவாரியாக 24 நிலைக்குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள். மூடிய கதவுக்குள், கேமரா இல்லாமல், கட்சி மறந்து பேசுவார்கள் என்பதுதான் ஏற்பாடு. பல நேரம் அது நடக்கவும் செய்கிறது. ஆனால், படிக்க அவகாசம், நிகழ்ச்சி நிரல், மறுப்புக் குறிப்பு என்று மூன்று சின்ன விஷயங்களில் கை வைத்தால் போதும், பாட்டில் உடையும். வக்ஃப் குழுவின் அறிக்கை 2025 பிப்ரவரி 13 அன்று தாக்கலானபோதுகூட, மறுப்புக் குறிப்புகளில் சில பகுதிகளை நீக்கிவிட்டார்கள் என்றுதான் சண்டை. வெளியிலிருந்து பார்த்தால் சில்லறைத் தகராறு. உள்ளே தோற்கும் தரப்புக்கோ அந்தக் குறிப்பு ஒன்றுதான் மிச்சம். தன் எதிர்ப்பு அச்சில் ஏற வேண்டும், நாளை யாராவது படிக்க வேண்டும் என்பதுதான் அது.

சத்தியமூர்த்தி நம்பியதும் அந்த அச்சைத்தான். ஓட்டில் ஜெயித்தும் பலிக்காத ஒரு சபையில், தினமும் காலையில் அவர் எழுந்து நின்றதற்கு வேறு காரணம் இல்லை. மத்திய சட்டசபையின் அந்த விவாதத் தொகுதிகள் இப்போது நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில்தான் இருக்கும். 1935-லிருந்து ஏதாவது ஒரு நாளைத் திறந்து, கேள்வி நேரப் பக்கங்களைத் தள்ளிப் பாருங்கள். திருமயத்துக்காரர் பெயர் வந்துகொண்டே இருக்கும். அப்படியே உங்க தொகுதி எம்.பி இந்தக் கூட்டத்தொடரில் என்ன கேட்டார் என்றும் ஒரு தேடல் போடுங்க. அதுவும் அதே போனில்தான் இருக்கிறது.